கொள்ளைநோய்ப் படங்களில் கேமரா யார் பக்கம் நிற்கிறது?

மல்லிப்பூ, சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில், எங்கள் தமிழ் வகுப்பில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் படம் போடுகிறோம். படம் முடிந்ததும் டீ, முறுக்கு, பேச்சு. இந்த மாதம் பிள்ளைகள் "கொரோனா மாதிரி நோய் வர்ற படம் போடுங்க டீச்சர்" என்று கேட்டார்கள். 2020 மார்ச் 27 ஊரடங்கு தொடங்கியபோது அவர்கள் சின்னக் குழந்தைகள். அந்த வருஷம் ஈஸ்டருக்கு மாரியம்மன் கோயில் திருவிழா இல்லாமல் போனது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

சரி என்று ஒரு வாரமாக இந்த வகைப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் 'அவுட்பிரேக்' (1995). ஆரம்பக் காட்சி 1967, ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டுக் காட்டில் ஒரு முகாம். அங்கே நோய் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அமெரிக்க ராணுவம் குண்டு போட்டு முகாமையே இல்லாமல் ஆக்குகிறது. செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குச் சொல்லப்படுவதில்லை. பிறகு அதே நோய் கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஊருக்கு வருகிறது. அங்கே எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, சாகும்போது பின்னணி இசை இருக்கிறது.

நான் இந்த மண்ணில் ஐந்தாவது தலைமுறை. ஆப்பிரிக்கா என்றால் நோய் கிளம்புகிற இடம் என்று காட்டும் படத்தை ஆப்பிரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு எப்படிப் போட்டுக் காட்டுவது? வைரஸுக்கு ஏழை பணக்காரன் தெரியாது என்று இந்தப் படங்களில் யாராவது ஒருவர் வசனம் பேசிவிடுகிறார். வைரஸுக்குத் தெரியாமல் இருக்கலாம். அது வந்து சேரும் ஊருக்கு நன்றாகவே தெரியும். உங்களுக்குத் தோன்றும் படங்களைச் சொல்லுங்கள்.

தென்காசிக்காரன், ஜோகன்னஸ்பர்க்

அக்கா, அவுட்பிரேக் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 'கன்டேஜியன்' (2011) படத்தையும் அதே கூடையில் போட்டுவிடாதீர்கள். அந்தப் படம் ஏற்றத்தாழ்வைப் பார்த்திருக்கிறது. மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

நோய்த்தடுப்பு மையத்தின் பெரிய அதிகாரி, ஊரை மூடப்போகிறார்கள் என்று அறிவிப்பதற்கு முன்பே தன் துணைவிக்கு மட்டும் போன் செய்து கிளம்பச் சொல்கிறார். அங்கே துப்புரவு வேலை பார்ப்பவர் காதில் அது விழுகிறது. "எல்லோருக்கும்தான் வேண்டியவர்கள் இருக்கிறார்கள்" என்பது போல அவர் கேட்கிறார். கடைசியில் அந்த அதிகாரி தனக்கு வந்த தடுப்பூசியை அந்தத் தொழிலாளியின் மகனுக்குப் போடுகிறார்.

இரண்டாவது, அமெரிக்காவில் தடுப்பூசி வரிசையைப் பிறந்த தேதிப்படி குலுக்கல் போட்டு முடிவு செய்கிறார்கள். மூன்றாவதுதான் முக்கியம். சீனக் கிராமத்துக்காரர்கள் உலக சுகாதார நிறுவனத்துப் பெண் அதிகாரியைக் கடத்திக்கொண்டு போய், எங்கள் ஊருக்குத் தடுப்பூசி கொடுத்தால்தான் விடுவோம் என்கிறார்கள். ஊசி வருகிறது, ஆனால் போலி. அது தெரிந்ததும் விமான நிலையத்திலிருந்து அந்த அதிகாரி திரும்பி ஓடுகிறார். பத்து வருஷம் கழித்து நம் கண் முன்னால் அதுதானே நடந்தது? 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து, தடுப்பூசிக் காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள் என்று உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. பணக்கார நாடுகள் மாதக்கணக்கில் இழுத்தடித்தன.

மல்லிப்பூ, சாட்ஸ்வர்த்

தம்பி, அந்தக் கிராமத்துக் காட்சியை நானும் பார்த்தேன். அந்த ஊர் மக்களில் ஒருவர் வீட்டுக்குள்ளாவது படம் போகிறதா? அந்த அதிகாரியின் மனமாற்றம்தான் அங்கே கதை. துப்புரவுத் தொழிலாளிக்குக் கிடைத்ததும் ஒரு பெரியவரின் நல்ல மனசால்தான். நல்ல மனசுள்ள அதிகாரி வாய்க்காத ஊரில் என்ன ஆகும்?

வெள்ளைக்கோட்டு, பீனிக்ஸ்

முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள். எச்ஐவி காலம் முழுக்க வார்டில் நின்றிருக்கிறேன். என் ஓட்டு 'யெஸ்டர்டே' (2004) படத்துக்கு. டேரல் ரூட் எடுத்தது. முழுக்க ஜூலு மொழி. ஆஸ்கரில் அயல்மொழிப் படப் பரிந்துரை வரைக்கும் போனது. நாயகி லெலேட்டி குமாலோ டர்பன் பக்கத்தில் நம் க்வாமாஷூவில் பிறந்தவர்.

யெஸ்டர்டே என்பது அந்தப் பெண்ணின் பெயர். கிராமத்தில் மகள் பியூட்டியோடு இருக்கிறாள், புருஷன் ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்தில். இருமல் விடவில்லை. டாக்டர் வாரம் ஒரு நாள்தான் கிளினிக்குக்கு வருவார். குழந்தையையும் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்துபோய் வரிசையில் நிற்கிறாள். அவள் முறை வருவதற்குள், இன்றைக்கு இவ்வளவுதான், அடுத்த வாரம் வா என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த வாரமும் அதே கதை. ஊர் டீச்சர் டாக்ஸிக்குக் காசு கொடுத்த பிறகுதான் டாக்டர் முகத்தையே பார்க்கிறாள். என்ன நோய் என்று நமக்குத் தெரிவதற்கு முன்பே அந்த வரிசை தெரிந்துவிடுகிறது. இத்தனை படங்களில் இதைச் சரியாகச் செய்த படம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வரிசையை வெட்டுகிற வேலையை நானே செய்திருக்கிறேன். எந்த இடம் என்பது வேண்டாம். ஒரே டாக்டர், மூன்று மணிக்கு அவர் வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும். காலையிலேயே ஆட்களை எண்ணி, அறுபதாவது ஆளுக்குப் பின்னால் கையை நீட்டி "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்ல வேண்டும். வெட்டுப்பட்டவர்கள் எப்போதும் ரொம்பத் தூரத்திலிருந்து வந்தவர்கள். கிளினிக் பக்கத்தில் வீடு இருப்பவர் ஐந்து மணிக்கே வந்து நின்றுவிடலாம். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருபவர் எப்படி வருவார்? நேர்மையாக எண்ணித்தான் வெட்டினேன். அப்படியும் ஒவ்வொரு நாளும் அதே ஜனங்கள்தான் வெட்டுப்பட்டார்கள். முதல் ஒன்றிரண்டு வருஷம் இது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிறகு அந்தப் புருஷன். விஷயத்தைச் சொல்லப் போனவளை அடிக்கிறான். சில மாதம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வருகிறான். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, ஊர் அவனை வைத்திருக்க விடவில்லை. ஊருக்கு வெளியே தகரமும் பலகையும் பொறுக்கி வந்து அவளே ஒரு குடிசை போட்டு அதில் அவனைப் பார்த்துக்கொள்கிறாள். இந்த நோய் அந்த வீட்டுக்கு வந்ததற்கு அவன் ஒழுக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் சுரங்க ஹாஸ்டலைப் பார்த்ததில்லை. ஆண்களை மட்டும் கொண்டுபோய் வருஷம் பூராவும் பூட்டி வைத்து, குடும்பத்தைக் கிராமத்திலேயே இருத்தி வைத்த ஏற்பாடு அது. காசநோயும் எச்ஐவியும் அந்த ரயில் பாதை வழியேதான் ஊருக்கு வந்தன.

டோங்காட் கரும்பு

நர்ஸ் அக்கா சொன்னதைப் படித்ததும் எங்கள் ஆயா ஞாபகம். அம்மை போட்டால் "நோய்" என்று சொல்ல விடமாட்டார். "அம்மா வந்திருக்கிறாள்" என்பார். வாசலில் வேப்பிலை, வெளியாள் உள்ளே வரக்கூடாது, படுத்திருப்பவரைத் திட்டக்கூடாது, கேட்டதைக் கொடுக்க வேண்டும். யோசித்தால், தனிமைப்படுத்துவதும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. இன்றைக்கும் ஆடியில் கூழ் ஊற்றுகிறோமே, அது அந்தப் பயத்திலிருந்தும் அந்த மரியாதையிலிருந்தும் வந்ததுதான். அதே ஜனங்கள்தான் எச்ஐவி வந்தபோது பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்தார்கள். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு பெண் இறந்தபோது காரியத்துக்கு நான்கு பேர் வந்தார்கள்.

1998 டிசம்பரில் க்வாமாஷூவில் குகு டிலாமினி தனக்கு எச்ஐவி இருப்பதை வெளியில் சொன்னதற்காக அடித்தே கொல்லப்பட்டார். யெஸ்டர்டே படத்தில் ஊர் ஜனங்கள் பேசுகிற பேச்சை மிகை என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழில் ஒரு படம் சொல்கிறேன். பாலாவின் 'பரதேசி' (2013). தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போகிறார்கள், கடனில் மாட்டுகிறார்கள், கொள்ளைநோய் வந்து கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பலில் மெட்ராஸிலிருந்து டர்பன் வந்து இறங்கியவர்களின் வாரிசுகள் நாம். தேயிலைக்குப் பதில் கரும்பு என்று போட்டுக்கொண்டால் போதும். நான் முழுசாக உட்கார்ந்து பார்க்க முடியாமல் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மலைச்சரிவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பரதேசி பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்தப் படத்துக்கு அடிப்படை பி.எச். டேனியல் எழுதிய நாவல். தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று வந்தது. டேனியல் ஒரு மருத்துவர். ஆனைமலைத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தவர், பிறகு அவர்களுக்காகச் சங்க வேலையும் செய்தவர். நாவலில் வரும் மருத்துவர் துரைமாரோடு மல்லுக்கட்டித் தொழிலாளர்களைக் காப்பாற்றப் பார்க்கிறவர். படத்தில் அந்த இடத்தில் யார் வருகிறார்? மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு மதம் மாற்ற ஆடிப்பாடும் ஒருவர்.

இது மத விஷயம் மட்டும் இல்லை. ஜனங்கள் சாகும்போது உள்ளே இருந்துகொண்டே எதிர்த்து நின்ற ஒருவரை அழித்துவிட்டால், பார்ப்பவனுக்கு என்ன மிச்சம்? எதுவும் செய்ய முடியாது என்ற எண்ணம்தான். எனக்குத் தெரிந்து தோட்டத்தில் கொள்ளைநோய் என்றால் தண்ணீர், கக்கூஸ், கூலி, லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரு அறைக்கு எத்தனை பேர் என்பதுதான். நாவல் அதையெல்லாம் பேசுகிறது.

டோங்காட் கரும்பு

நாவலை நான் படித்ததில்லை அண்ணா. நீங்கள் சொல்வது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் லயத்திலிருந்து பிணங்களை எடுத்துப் போகிற காட்சிகளில் கேமரா தொழிலாளி பக்கம்தானே நிற்கிறது? அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

தென்காசிக்காரன், ஜோகன்னஸ்பர்க்

'ஏழாம் அறிவு' பற்றி யாரும் பேசவில்லையே. 2020 ஏப்ரலில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்துக் காட்சிகள்தான். "அன்றே சொன்னார்கள்" என்று ஒவ்வொருவரும். சீனாவிலிருந்து ஒருவன் வந்து நாய் மூலம் நோயைப் பரப்புகிறான், தமிழனின் பழைய அறிவுதான் காப்பாற்றுகிறது. அப்போது எனக்கும் பெருமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பிறகு இங்கே அலுவலகத்தில் ஒரு சீன நண்பர், லிஃப்டில் தன்னோடு யாரும் ஏறுவதில்லை என்று சொன்னார். அதற்கப்புறம் அந்தப் படத்தை என்னால் பழைய மாதிரி ரசிக்க முடியவில்லை.

2021 நவம்பரில் ஒமிக்ரான் வகையை நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்து உடனே உலகத்துக்குச் சொன்னார்கள். பதிலுக்கு என்ன கிடைத்தது? விமானங்களை நிறுத்தினார்கள். எனக்கு அம்மாவைப் பார்க்க எடுத்த டிக்கெட் போச்சு. அப்போதுதான் 'நோய் கொண்டுவருகிறவன்' இடத்தில் நான் நின்றேன்.

பழைய வாத்தியார், லெனேசியா

தம்பி, அந்த இடத்தில் நம்மவர்கள் நின்றது முதல் தடவை இல்லை. இதே ஜோகன்னஸ்பர்க்கில் 1904 மார்ச்சில் நுரையீரலைத் தாக்கும் நிமோனிக் பிளேக் வந்தது. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த இந்தியர்கள் இருபத்து மூன்று பேர் நோயோடு குடியிருப்புக்குத் திரும்பினார்கள். அப்போது அந்தக் குடியிருப்புக்குப் பெயரே 'கூலி லொகேஷன்'. காந்தியும் டாக்டர் வில்லியம் காட்ஃப்ரேயும் இன்னும் சிலரும் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை உடைத்துத் திறந்து அதையே ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். பெரும்பாலோர் பிழைக்கவில்லை. உதவிக்கு வந்த நர்ஸும் இறந்துபோனார்.

இதற்கு முன்பே நகராட்சி அந்த இடத்தை ஜனங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவர்களை அங்கேயே வாடகைக்கு வைத்திருந்தது. குப்பை அள்ளும் வேலையைக் கைவிட்டது. நோய் வந்ததும், இந்தியர்கள் அழுக்கானவர்கள் என்ற பேச்சு. எல்லோரையும் தனி ரயிலில் க்ளிப்ஸ்ப்ரூட் வெட்டவெளிக்குக் கொண்டுபோய்க் கூடாரத்தில் போட்டார்கள். பிறகு குடியிருப்பைக் கொளுத்தினார்கள். ஜனங்கள் மண்ணில் புதைத்து வைத்திருந்த வெள்ளிக்காசையும் செப்புக்காசையும் தோண்டி எடுத்துக் காந்தியிடம் கொடுத்தார்கள். கிருமிநாசினி போட்டுத்தான் வங்கியில் சேர்க்க முடிந்தது. கிட்டத்தட்ட 60,000 பவுண்டு என்று அவரே எழுதியிருக்கிறார்.

அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1901-ல், கேப்டவுனில் பிளேக் வந்தபோது துறைமுகப் பகுதியில் இருந்த கறுப்பின மக்களை இதேபோல ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். அதுதான் ந்டாபேனி குடியிருப்பு. க்ளிப்ஸ்ப்ரூட் பிற்பாடு கறுப்பின மக்களின் பெரிய குடியிருப்பான சொவேட்டோவின் பகுதியானது. ஆக, நாம் 'டவுன்ஷிப்' என்று சொல்லும் ஏற்பாட்டில் ஒரு பங்கு நோயின் பெயரால் போட்ட கோடு. நிறவெறிச் சட்டங்களுக்கு ரொம்ப முன்னாலேயே.

கொளுத்திய அந்த இடத்தில்தான் இன்றைய நியூடவுன் இருக்கிறது. மார்க்கெட் தியேட்டருக்கு நாடகம் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் காசுப் பானைகள்தான் மனசில் ஓடும். யாராவது இளம் இயக்குநர் அதைப் படமாக எடுக்க வேண்டும். முதல் காட்சியே ஒரு அம்மா அடுப்பங்கரை மண்ணைத் தோண்டுவதாக இருக்கட்டும்.

கடல்காற்று, போர்ட் லூயிஸ்

மொரீஷியஸிலிருந்து ஒரு விருந்தாளி. வாத்தியார் ஐயா, இங்கேயும் அதே கதை. 1856-ல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக்கூலிகளோடு வந்த கப்பல்களில் காலரா என்று, ஜனங்களைக் கேப்ரியேல் தீவில் இறக்கி விட்டுவிட்டார்கள். ஒழுங்கான கூரை இல்லை, தண்ணீர் இல்லை. கிட்டத்தட்ட 300 பேர் அங்கேயே செத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து மலேரியா வந்தபோது போர்ட் லூயிஸின் வசதியானவர்கள் க்யூர்பிப் பக்கம் மேட்டு நிலத்துக்கு வீடு மாற்றிக்கொண்டார்கள். ஏழைகள் கீழேயே இருந்தார்கள். இன்றும் எங்கள் தீவில் மேலே யார், கீழே யார் என்று பார்த்தால் அந்தக் காய்ச்சல் தெரியும். கேப்ரியேல் தீவுக்கு இப்போது சுற்றுலாப் படகு போகிறது. ஜனங்கள் குளித்துவிட்டு வருகிறார்கள்.

வெள்ளைக்கோட்டு, பீனிக்ஸ்

வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு யெஸ்டர்டே படத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன், பாராட்டிவிட்டு மட்டும் போகக்கூடாது. அந்தப் படம் வந்த 2004-ல்தான் இங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் எச்ஐவி மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் நாட்டின் தலைமையே இந்த நோய்க்கு வைரஸ்தான் காரணமா என்று சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தது. மருந்து விலையோ எட்டாத உயரம். யெஸ்டர்டே என்ற அந்தப் பெண்ணுக்கு மருந்து கிடைக்காததற்குக் காரணமான ஆட்கள் படத்தில் யாருமே இல்லை. வானம், மலை, தலைவிதி. அழுதுவிட்டு வெளியே வருகிறோம், யார் மேலும் கோபம் வருவதில்லை.

அதற்கு மருந்து 'ஃபயர் இன் தி பிளட்' (2013) என்ற ஆவணப்படம். ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற மருந்தை, 2001-ல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொன்ன கதை. இங்கே எச்ஐவி மருந்துக்காகப் போராடிய ஜாக்கி அக்மத் அதில் வருகிறார். அரசு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கிடைக்கும்வரை நானும் சாப்பிடமாட்டேன் என்று மருந்தை மறுத்தவர். விலை குறைந்த மருந்துக்கு வழி செய்த சட்டத்தை எதிர்த்து நம் அரசு மேல் போட்ட வழக்கை, அதே 2001 ஏப்ரலில் 39 மருந்துக் கம்பெனிகள் வாபஸ் வாங்கின. 2002 ஜூலையில், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகு எங்கள் வார்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது. குழந்தைகள் பிழைத்தார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று. இதே க்வாசூலு-நடால் மாகாணத்தில் துகேலா ஃபெரியில் பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் வந்தது. 2006-ல் வெளியான கணக்கில் 53 நோயாளிகள், 52 பேர் இறந்துவிட்டார்கள். ஹாலிவுட் த்ரில்லருக்கு இதைவிட என்ன வேண்டும்? செத்தவர்கள் ஏழை ஜூலு ஜனங்கள் என்பதால்தானே யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை?

கடைசி பெஞ்ச்

மல்லிப்பூ டீச்சர், நான் உங்கள் வகுப்புப் பிள்ளைதான், யார் என்று கண்டுபிடிக்காதீர்கள். எல்லாம் படித்தேன். நாங்கள் உண்மையில் கேட்டது 'ட்ரெயின் டு பூசான்' (2016) மாதிரி ஜோம்பி படம். அதிலும் நீங்கள் பேசுகிற விஷயம் இருக்கிறது. ரயிலில் வீடில்லாத ஒருவர் ஒளிந்துகொண்டு வருவார். கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் சின்னப் பெண்ணிடம், படிக்காவிட்டால் நீயும் இப்படித்தான் ஆவாய் என்பார். அப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்று அவள் பதில் சொல்வாள். பிறகு உயிரோடு தப்பி வந்தவர்களைப் பெட்டிக்குள் விடக்கூடாது என்று கதவை அடைக்கச் சொல்வது அந்தக் கோட்டுக்காரர்தான். கடைசியில் அந்தப் பெண்ணையும் கர்ப்பிணியையும் காப்பாற்ற உயிரைக் கொடுப்பவர் அந்த வீடில்லாதவர்.

ஊரடங்கில் எங்கள் அப்பா செக்யூரிட்டி வேலைக்குப் போனார். பெரிய காம்ப்ளெக்ஸ். உள்ளே இருந்தவர்கள் யாரும் வெளியே வரவில்லை, சாப்பாடு கேட் வரைக்கும் வரும், அப்பா எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைப்பார். வீட்டுக்கு வந்ததும் வெளிக்குழாயில் குளித்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவார். அந்தக் கதவுக் காட்சி வரும்போது நான் அப்பாவைத்தான் நினைத்தேன்.

மலைச்சரிவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கடைசி பெஞ்ச், நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன் கண்ணு. மலையாள 'வைரஸ்' (2019) கிடைத்தால் பார். 2018 கோழிக்கோடு நிபா காய்ச்சல் கதை. டாக்டர், கலெக்டர் வரிசையோடு நிற்காமல், ஆஸ்பத்திரியில் பிணத்தைத் தொட்டு வேலை செய்யும் கடைநிலை ஊழியர்களையும் ஆட்களாகக் காட்டிய படம்.

மல்லிப்பூ, சாட்ஸ்வர்த்

கடைசி பெஞ்ச், கண்டுபிடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன். உன் ரயில் படம் அடுத்த மாதம், சத்தியம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.

இந்த மாதம் யெஸ்டர்டே. நர்ஸ் அக்கா, படம் முடிந்ததும் நீங்கள் அந்த அறுபதாவது ஆள் விஷயத்தையும் மருந்து விலையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வாத்தியார் ஐயா அவ்வளவு தூரத்திலிருந்து வர முடியாது, காசுப் பானைக் கதையை ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் நான் வாசிக்கிறேன்.

ஒரு சிக்கல் இருந்தது, தமிழில் சப்டைட்டில் கிடையாது. எங்கள் தெருக் கோடியில் காய்கறி விற்கும் ஜூலு அம்மாவிடம் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல முடியுமா என்று. என்ன கதை என்று கேட்டார். கிளினிக் வரிசையைச் சொன்னேன். "அவள் எத்தனை தடவை திரும்பிப் போனாள்?" என்றார். இரண்டு தடவை என்றேன். "நான் நாலு தடவை" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை நிறுத்துக் கொடுத்தார்.

வருகிறாராம். ஞாயிறு இரண்டரை மணி. நாற்காலி பத்தாது, பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்து வாருங்கள்.